இருபத்தைந்தாம் ஆண்டு, இருநூற்று எழுபத்தைந்தாம் நாள்

திருக்கோயிலின் விமானத்து உச்சியில் கலசம் ஏறும் நாள் ஓர் ஊரின் வாழ்வில் ஒப்பற்ற நன்னாளாகும். ஆண்டுகள் பலவாக நடந்துவந்த திருப்பணி அன்று நிறைவுறுகின்றது. கல் சுமந்தவரும், சுண்ணாம்பு அரைத்தவரும், சாரம் கட்டியவரும், பொருள் ஈந்தவரும், ஈயப் பொருளின்றி உடலுழைப்பை நல்கியவரும் ஒருங்கே நின்று அண்ணாந்து நோக்குகின்றனர். நன்னீர் கலசத்தில் வழிந்து அனைவர் தலைமீதும் தெளிக்கின்றது. அந்நீருக்கு அரசனென்றும் ஆயனென்றும் வேற்றுமை இல்லை. ஆயின் வேள்விச்சாலை பிரிக்கப்பட்டு, சாரம் இறக்கப்பட்டு, வந்தவர் தத்தம் ஊர் திரும்பிய பின்னர் அந்நாளில் நின்று நிலைப்பது யாது? இவ்வினாவிற்குத் தமிழக வரலாற்றில் ஓர் ஆண்டு தெளிவான விடை தருகின்றது. அது கி. பி. 1010 ஆம் ஆண்டு.

நாள் குறித்த கல்

சோழப் பேரரசன் முதலாம் இராசராசன் அரியணை ஏறியது கி. பி. 985 ஆம் ஆண்டு சூன் திங்களின் இறுதிக்கும் சூலைத் திங்களின் இறுதிக்கும் இடைப்பட்ட ஒரு நாளில் என்பது கல்வெட்டறிஞர் கணித்துக் கண்ட முடிபு. அவன் தன் தலைநகராகிய தஞ்சாவூரில் எடுப்பித்த பெருங்கற்றளிக்கு இராசராசேச்சரம் என்பது பெயர். அக்கோயிற் கல்வெட்டு ஒன்று, அவனது ஆட்சியின் 25 ஆம் ஆண்டு 275 ஆம் நாளில், விமானத்தின் உச்சியிலுள்ள தூபித்தறியில் வைப்பதற்கென அவன் செப்புக்குடம் ஒன்று அளித்தான் என்று கூறுகின்றது. குடத்தின் நிறை 3,083 பலம். அதன்மேல் போர்த்திய பொற்றகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. கணக்கிட்டுப் பார்க்குமிடத்து அந்நாள் 1010 ஆம் ஆண்டின் மார்ச்சு இறுதியிலோ ஏப்ரல் திங்களிலோ அமைகின்றது. விமானம் நிறைவெய்திய நாளாக அறிஞர் கொள்வது இதனையே.

கருங்கல் கிடையாத காவிரிச் சமவெளியில், தொலைவிலிருந்து கற்களைக் கொணர்ந்து, ஏறத்தாழ 200 அடி உயரத்திற்கு ஒரு மலையை எழுப்பிய செயல் அது. அம்மலைக்கு அரசன் இட்ட பெயரும் தட்சிணமேரு என்பதே. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், சிகரம் ஒரே கல்லால் ஆயது என்றும் மக்கள் வழங்கி வருவர். நிழல் தரையில் விழவே செய்கின்றது. சிகரமும் பல கற்களை இணைத்தே அமைக்கப்பட்டுள்ளது. இவ்வுண்மைகளால் அக்கோயிலின் பெருமை ஒரு சிறிதும் குறைவதில்லை. ஒரு கல்லை உச்சிக்கு ஏற்றுவதினும், பல கற்களை அளந்து செதுக்கிப் பொருத்தி, ஆயிரம் ஆண்டு அசையாது நிற்கச் செய்வதற்கே கூர்த்த அறிவு வேண்டும். அவ்வறிவிற்கு உரியவரைக் கல்வெட்டும் மறக்கவில்லை. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் அக்கோயிலிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. அவனோடு நித்தவினோதப் பெருந்தச்சன், கண்டராதித்தப் பெருந்தச்சன் என்போர் பெயர்களும் காணப்படுகின்றன. அரசன் தன் பெயரையும் தன் குலத்தார் பெயரையும் தச்சர்க்குப் பட்டமாக ஈந்தான். கல்லோ அப்பெயர்களை மன்னன் பெயருக்கு அருகிலேயே வைத்துக் காத்தது.

நீராட்டுச் சாலையில் பிறந்த ஆணை

குடம் ஏறியதோடு அவ்வாண்டின் சிறப்பு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ மூன்றரைத் திங்கள் கழிந்து, 26 ஆம் ஆட்சியாண்டின் 20 ஆம் நாளன்று, அதாவது 1010 ஆம் ஆண்டின் சூலை அல்லது ஆகத்துத் திங்களில், அரசன் தஞ்சை அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் தானம் செய்தருளி வீற்றிருந்தான். அப்போது அவன் வாய்மொழியாக ஓர் ஆணை பிறந்தது. இராசராசேச்சரம் உடையார்க்குத் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கையார் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், இவர்களன்றி வேறு யார் யார் கொடுத்தனரோ அவர்கள் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்பதே அவ்வாணையின் கருத்து.

இவ்வாணையின் கடைசிப் பகுதியே ஊன்றி நோக்கற்பாலது. உலகில் கோயில் எடுத்த மன்னர் பலர். தம் வெற்றியையும் தம் கொடையையும் கல்லில் எழுதுவித்தோரும் பலர். தென்னாடு முழுவதையும் ஆண்ட ஒரு வேந்தன், தான் எடுத்த கோயிலில், தன் கொடைக்கு நிகராகப் பிறர் கொடைகளும் எழுதப்பெறல் வேண்டும் என்று வாய் திறந்து ஆணையிட்டது அரிய நிகழ்ச்சி. கொடுத்தது மலையளவோ தினையளவோ, கொடுத்தவர் பெயர் கல்லிலே ஏறுக என்பது அவன் உள்ளக் கிடக்கை. 1010 ஆம் ஆண்டில் தஞ்சையில் நிகழ்ந்தவற்றுள் கலசம் ஏறியது ஒரு பெருநிகழ்ச்சியாயின், இவ்வாணை அதற்குச் சற்றும் தாழ்ந்ததன்று.

ஆணையில் தேவியர்க்கும் முன்னதாகத் தமக்கையார் குறிக்கப்பெற்றமை கருதத்தக்கது. வல்லவரையர் வந்தியதேவரின் தேவியாராகிய குந்தவைப் பிராட்டியாரே அத்தமக்கையார். அவர் தம் தந்தையார் சுந்தர சோழர்க்கும் தம் அன்னையார்க்கும் செப்புத் திருமேனிகள் எழுந்தருளுவித்தார். ஆடவல்லார்க்கும் தட்சிணமேருவிடங்கர்க்கும் உரிய உமாபரமேசுவரியார் திருமேனிகளும் அவர் ஈந்தனவே. தம்பி எடுத்த கோயிலில், மறைந்த பெற்றோர் இருவரையும் இறைவன் திருமுன்னர் நிற்கச் செய்த மகளின் அன்பை, அந்நெடிய அணிகலப் பட்டியலின் நடுவேயும் உணர்தல் கூடும்.

நிறையும் குற்றமும்

கல்லில் வெட்டப்பெற்ற அப்பட்டியலைப் படிப்போர் முதற்கண் வியப்பது அதன் துல்லியத்தையே. பொன் நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். மணிகளும் அணிகலன்களும் நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்று பெயர். நெல் அளந்த மரக்காலும் ஆடவல்லானே. இறைவன் திருப்பெயரைத் தாங்கிய கல்லால் நிறுக்கும்போது கை நடுங்காதிருத்தல் வேண்டும் என்று கருதினர் போலும்.

ஓர் அணிகலனில் பொன் இவ்வளவு, மணி இவ்வளவு, கோத்த சரடு இவ்வளவு, உள்ளிட்ட அரக்கு இவ்வளவு என்று தனித்தனியே பிரித்து எழுதியுள்ளனர். முத்துக்களை வட்டம், அனுவட்டம், குறுமுத்து, சப்பத்தி, இரட்டை, கறடு என வகை செய்துள்ளனர். அவற்றின் நீரோட்டம் குளிர்ந்ததா, சிவந்ததா என்பதும் குறிக்கப்பெற்றுள்ளது. ஒளியும் வடிவும் குறைந்த முத்து அந்நிலையிலேயே எழுதப்பட்டது. அரசன் கொடுத்தது என்பதற்காக அதன் குறை மறைக்கப்படவில்லை. இறைவன் உடைமைக்குக் கணக்கு எழுதுவார் கொண்டிருந்த அச்சமும் நேர்மையும் இதனால் விளங்கும். பொய்யான புகழ் கொடையை உயர்த்துவதில்லை. உள்ளதை உள்ளவாறு எழுதுவதே கொடுத்தவர்க்கும் பெருமை, கொண்ட கோயிலுக்கும் காப்பு.

பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் கல்வெட்டு ஒளிக்கவில்லை. மலைநாட்டில் சேரரையும் பாண்டியரையும் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து செய்தவை இவை. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனைப் போரில் எறிந்து மீண்ட பின்னர்த் திருவடியில் இட்ட பொற்பூக்கள் இவை என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. போரில் கொண்ட பொருளுக்குப் பின்னே தோற்ற நாட்டாரின் துயரமும் உண்டு. அதனை எண்ணாது அப்பொன்னின் ஒளியை மட்டும் போற்றுதல் முழு வரலாறு ஆகாது. வென்ற பொருளைத் தனக்கென வைத்துக்கொள்ளாது இறைவன் திருவடியில் இட்டதோடு, அது வந்த வழியையும் மறையாது எழுதுவித்தான் அம்மன்னன். ஆதலின், பின்வருவோர் இரண்டையும் சீர்தூக்கிப் பார்க்க வழி பிறந்தது.

மற்றும் கொடுத்தார்

அரசன் ஆணைக்குப் பின்னரும் கொடைகள் நின்றுவிடவில்லை. அவனது 29 ஆம் ஆட்சியாண்டு வரையும் அதற்குப் பின்னரும் அவை பெருகின; 1010 இல் வகுத்த வழியிலேயே ஒவ்வொன்றும் கல்லில் ஏறியது. தேவியர் திருமேனிகளையும் அணிகலன்களையும் ஈந்தனர். சேனாபதியாகிய கிருட்டிணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன் அரசன் ஆணைப்படி திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தான். கோயிலின் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான், திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், நம்பியாரூரர், பரவை நங்கையார் ஆகியோர்க்குத் திருமேனிகள் செய்வித்தான். கோயிற் கணக்கைக் கண்காணித்தவனே தன் கைப்பொருளையும் கொடுத்தான் என்பது எக்காலத்து அறங்காவலர்க்கும் நல்லதொரு முன்மாதிரி.

பொன்னும் திருமேனியும் கொடுக்கவல்லார் சிலரே. கோயில் நாள்தோறும் நடப்பதற்கோ பலர் கை வேண்டும். விளக்கு ஒன்று இரவும் பகலும் எரிதற்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் தேவை. அதன்பொருட்டு 96 ஆடுகள், அன்றி 48 பசுக்கள், அன்றி 16 எருமைகள் என அளவு வகுத்து இடையர்பால் ஒப்படைத்தனர். மந்தையை வளர்ப்பதும், குன்றாது காப்பதும், நெய்யைக் கொணர்ந்து அளப்பதும் அவ்விடையர் கடன். நெய் அளக்கும் பொறுப்பேற்ற இடையர் பெயரும் விளக்குக்கு விளக்கு கல்லில் உள்ளது. பேரரசன் ஏற்றிய சுடர், புல்வெளியில் மழையிலும் வெயிலிலும் ஆடு மேய்த்தவன் கையால் நாள்தோறும் உயிர் பெற்றது.

வணிகர்க்கும் அவ்வாறே ஒரு கடமை வகுக்கப்பட்டது. பரிவார ஆலயத்துப் பிள்ளையார் கணபதியார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்தருள வேண்டும் என்று அரசன் 360 காசு முதலாக வைத்தான். அம்முதலைத் தஞ்சை அங்காடி வணிகர் பெற்றுக்கொண்டனர். காசு ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக ஆண்டு வட்டி 45 காசு. காசு ஒன்றுக்கு 1,200 பழம் என்னும் விலைப்படி 45 காசுக்கு 54,000 பழம். ஆண்டுக்கு 360 நாளாகப் பகுத்தால் நாளொன்றுக்கு 150. ஒரு பழம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் அழியாது, வட்டியால் வழிபாடு நடக்கும் இம்முறையினைக் கட்டளை ஏற்படுத்துவோர் இன்றும் பின்பற்றுகின்றனர். ஊர்ச்சபைகளும் இவ்வாறே கோயிற் பண்டாரத்தினின்று பொருள் பெற்று, வட்டியைக் காசாகவோ நெல்லாகவோ அளந்தன. இதனால் கோயிற் பொருள் பெட்டியில் உறங்காது ஊர் ஊராகச் சென்று, உழவுக்கும் வாணிபத்திற்கும் உதவி, மீண்டும் இறைவன் திருமுன்னர் வந்து சேர்ந்தது. சோழநாட்டு ஊர்கள் மட்டுமன்றித் தொலைவிலுள்ள நாட்டு ஊர்களும், கடல் கடந்த ஈழத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலோடு நிவந்தத்தால் பிணைக்கப்பட்டிருந்தன.

ஆடியவரும் பாடியவரும்

29 ஆம் ஆட்சியாண்டளவில் எழுதப்பட்ட நெடுங்கல்வெட்டு ஒன்று, கோயிற்பணி செய்த எளியோரின் பெயர்ப்பட்டியலாகவே அமைந்துள்ளது. சோழ நாட்டின் பல தளிகளிலிருந்தும் கொணரப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர், கோயிலை ஒட்டிய தெருக்களில் குடியேற்றப்பட்டனர். எத்தெரு, எச்சிறகு, எத்தனையாவது வீடு, எவ்வூர், எத்தளி, பெயர் யாது என்பவை ஒருவர் விடாமல் எழுதப்பட்டுள்ளன. திருவையாற்று ஓலோகமாதேவீச்சரத்திலிருந்து வந்த சேரமங்கை என்பாள் அப்பட்டியலின் தலைவீட்டில் நிற்கின்றாள். அதே தளியிலிருந்து வந்த மற்றொருத்தியின் பெயர் எடுத்தபாதம். ஆடவல்லானின் தூக்கிய திருவடியையே பெண்ணுக்குப் பெயராகச் சூட்டிய பெற்றோரின் பத்தி ஒருபுறமிருக்க, தில்லைக் கூத்தன் திருவடியின் பெயரைத் தாங்கிய அவள் தஞ்சைக் கூத்தன் திருமுன்னர் ஆடினாள் என்பதை எண்ணும்போது உள்ளம் நெகிழ்கின்றது. பிறந்த ஊரையும் பழகிய தளியையும் விட்டு, மன்னன் ஆணையால் புதுநகர் வந்த பெண்டிர் அவர்கள். ஒவ்வொருவர்க்கும் வீடு ஒன்றும், ஆண்டுக்கு 100 கலம் நெல் தரும் பங்கு ஒன்றும் வகுக்கப்பட்டன. ஒருவர் மறைந்தாலோ வேற்றிடம் சென்றாலோ, அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்தற்கும் விதி செய்யப்பட்டது.

திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரர் அமர்த்தப்பட்டனர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர் ஆக 50 பேர்க்கும் நாளொன்றுக்குப் பேரால் முக்குறுணி நெல் என்பது நிவந்தம். மூவர் தமிழ் அப்பெருங்கோயிலில் நாள்தோறும் ஒலித்தது. திருவிசைப்பாப் பாடிய கருவூர்த் தேவரும் இராசராசேச்சரத்தைப் பாடிப் பரவினார். கணக்கர், காவலர், தச்சர், தையற்காரர், குயவர், வண்ணார் எனத் தொழில்தோறும் கோயிற்பணியாளர் இருந்தனர். நாவிதர்க்கும் இராசராசப் பெருநாவிசன் என்னும் பட்டம் இருந்தது என்பதைக் காணும்போது, அரசன் பெயர் ஏறாத தொழில் ஒன்றும் அங்கு இருந்ததில்லை என்றே தோன்றுகின்றது. இறைவன் திருவடிக்கு ஆகும் தொழிலில் இழிதொழில் என்பதொன்று இல்லை.

அவ்வாண்டில் பிற நாடுகள்

தஞ்சையில் இவை நிகழ்ந்த 1010 ஆம் ஆண்டில் உலகின் பிற பகுதிகளிலும் வரலாறு மறவாத செயல்கள் நிகழ்ந்தன. பாரசீகப் பெரும்புலவர் பிர்தௌசி தம் வாழ்நாள் உழைப்பாகிய சாநாமா என்னும் காப்பியத்தை அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நிறைவு செய்தார். பண்டைய பாரசீக மன்னர் வரலாற்றை ஏறத்தாழ 50,000 ஈரடிகளில் பாடிய நூல் அது. தஞ்சை விமானத்தில் குடம் ஏறியதற்குச் சில வாரங்களே முன்பு அந்நூல் முற்றுப்பெற்றது. அப்புலவர் வாழ்ந்த நாட்டை ஆண்ட கசினி மாமூது, அவ்வாண்டில் முல்தான் நகரை மீண்டும் கைப்பற்றினான்.

கிழக்கே வியத்நாமில், முந்திய ஆண்டு அரியணை ஏறிய லீ தாய் தோ என்னும் மன்னன், மலைகளுக்கிடையே இருந்த பழைய தலைநகரை விட்டு, ஆற்றங்கரைச் சமவெளியில் தாங் லோங் என்னும் புதிய தலைநகரை 1010 இல் அமைத்தான். அந்நகரே இன்றைய ஹனோய். அவ்வாண்டின் இறுதியில் கித்தான் படை கொரிய நாட்டின்மீது பாய்ந்தது. மன்னன் தலைநகரை விட்டு நீங்க நேர்ந்தது. அவ்விடுக்கணில் அந்நாட்டார் புத்தர் திருவருளை வேண்டி, 1011 இல் பௌத்த மறைநூல்கள் அனைத்தையும் மரப்பலகைகளில் செதுக்கத் தொடங்கினர். அப்பலகைகள் 1232 இல் மங்கோலியர் படையெடுப்பில் எரிந்துபோயின; அந்நாட்டார் மனந்தளராது மீண்டும் ஒருமுறை முழுவதையும் செதுக்கி முடித்தனர்.

பாரசீகத்தில் ஏட்டிலும், கொரியத்தில் மரத்திலும், தஞ்சையில் கல்லிலும் மாந்தர் ஒரே காலத்தில் ஒரே முயற்சியில் ஈடுபட்டிருந்தனர். அரசும் பொன்னும் அழியும். எழுத்து ஓரளவேனும் காக்கும் என்பதே அவர்கள் அனைவரும் அறிந்திருந்த உண்மை.

மறதியும் மீட்சியும்

இராசராசன் 1014 இல் மறைந்தான். சோழர் தலைநகரம் அவன் மைந்தன் இராசேந்திரன் காலத்தில் கங்கைகொண்ட சோழபுரத்திற்கு மாறியது. பின்னர்ப் பாண்டியர், விசயநகரத்தார், நாயக்கர், மராட்டியர் என ஆட்சிகள் மாறின. கல்வெட்டில் உள்ள பொற்பாத்திரங்களும் மணியணிகளும் இன்று கோயிலில் இல்லை. எழுந்தருளுவித்த அறுபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளுள் மிகச் சிலவே எஞ்சின. சுவரிலிருந்த சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்தன. எல்லாவற்றினும் வியப்பு, கோயில் எடுத்தவன் பெயரையே மக்கள் மறந்தமைதான். தலபுராணம் வேறொரு சோழனைச் சொல்லிற்று. 19 ஆம் நூற்றாண்டில் கோயிலைக் கண்டு எழுதியவரும் ஆளுக்கொரு பெயர் கூறினர்.

அம்மறதியை நீக்கியது 1010 ஆம் ஆண்டு ஆணையே. செருமானிய அறிஞர் ஊல்சு அக்கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் படித்து, தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதியை 1891 இல் வெளியிட்டார். கோயில் எடுத்தவன் இராசராசனே என்பது ஐயத்திற்கு இடமின்றி வெளிப்பட்டது. மன்னன் பெயர் மட்டுமோ வெளிவந்தது? குந்தவையாரும், பெருந்தச்சனும், ஆதித்தன் சூரியனும், சேரமங்கையும், எடுத்தபாதமும், நெய் அளந்த இடையரும் அவனோடு எழுந்து வந்தனர். பிறர் பெயரையும் எழுதுக என்று ஆணையிட்டவனின் பெயரை, அந்த எழுத்தே மீட்டுக் கொடுத்தது. தன் பெயரை மட்டும் எழுதுவித்திருந்தால் நமக்கு ஒரு மன்னன் கிடைத்திருப்பான். அனைவர் பெயரையும் எழுதுவித்தமையால் ஒரு நாடே கிடைத்தது.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சூழ்ந்த இருண்ட உள்சுற்றில் சோழர் ஓவியங்களைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். 1987 இல் யுனெசுகோ நிறுவனம் இக்கோயிலை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2010 இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழா தஞ்சையில் நடந்தது. அடுத்த திங்களில் ஹனோய் நகரமும் தன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. இராசராசன், உலகமாதேவியார் ஆகியோருடையவை எனக் கருதப்படும் செப்புத் திருமேனிகள் இரண்டு, குசராத்திலுள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்து 2018 இல் தஞ்சைக்கு மீண்டன. அவ்விருவர்க்கும் இக்கோயிலில் திருமேனிகள் இருந்தன என்பதற்குக் கல்வெட்டே சான்று. 2020 பிப்ரவரி 5 ஆம் நாள், 23 ஆண்டுகளுக்குப் பின்னர், அதே விமானத்தின் கலசத்திற்கு வடமொழியும் தமிழும் ஒலிக்கக் குடமுழுக்கு நடைபெற்றது.

கல்லில் நின்ற கடமை

கொடுத்தவர் பெயரைக் கல்லில் எழுதுவது தற்பெருமை அன்றோ என வினவுவார் உளர். தஞ்சைக் கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு அவ்வையம் எழாது. அங்கே பெயர் புகழுக்காக மட்டும் எழுதப்படவில்லை, பொறுப்பிற்காக எழுதப்பட்டது. இன்னார் இவ்வளவு கொடுத்தார், இன்னார் இதனைப் பெற்றுக்கொண்டார், அதனால் இன்ன பணி சந்திரனும் சூரியனும் உள்ளவரை நடத்தல் வேண்டும் என்பதே அவ்வெழுத்தின் நோக்கம். கொடுத்தவர் பெயர் அருகில் காப்பவர் கடமையும் சேர்ந்தே நின்றது. பெயர் தேயலாம், கடமை தேயலாகாது. நாள்தோறும் 150 பழம் வைக்கவேண்டிய வணிகன் ஒரு நாள் தவறினால், அவன் தவற்றைக் கல்லே எடுத்துக் கூறும்.

குடமுழுக்கு ஒரு நாளில் முடிந்துவிடுவது. அதன்பின் வரும் ஒவ்வொரு நாளும் விளக்கு எரியவேண்டும், திருவமுது படைக்கப்பெறவேண்டும், பதிகம் ஒலிக்கவேண்டும், கணக்கு நேராக நிற்கவேண்டும். இவற்றைத் தாங்குவோர் பலரும் உச்சிக் கலசத்தின் அருகில் நிற்பவரல்லர். கீழே, கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவர். அவர்களையும் எண்ணி, அவர்களையும் எழுதுக என்று ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு மன்னன் திருமஞ்சன சாலையில் வீற்றிருந்து கூறினான். கலசம் ஏறும் ஒவ்வொரு கோயிலிலும் அவ்வாணை மீண்டும் நிறைவேறுக. கொடுத்தார் அனைவரும், கொடுத்ததை நாள்தோறும் காப்பார் அனைவரும், ஆடவல்லான் திருவருளால் நீடு வாழ்க.